இரண்டாம் தண்ணீர்

வியாழக்கிழமை காலை நாஷ்டாவுக்கு உட்கார்ந்த இடத்தில்தான் அன்புசெல்வன் தலையில் இடி இறங்கியது. இறக்கியவள் அவன் பெண்டாட்டி சுமலதா. அதுவும் சிரித்த முகத்தோடு, இட்லிக்கு மேல் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிக்கொண்டே இறக்கினாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு உங்க கோயில்ல ஞானஸ்நானம். ஐயரு கிட்ட பேசிட்டேன். எங்க நைனா கிட்டயும் சொல்லிட்டேன். வேன் வச்சிகினு ஊரே கெளம்பி வருது."

அன்புசெல்வனுக்குப் புரை ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் அவன் தலையைத் தட்டிக்கொடுத்து, "இன்னா அன்பு, சந்தோசத்துல தொண்ட அடைச்சிக்கிச்சா?" என்றாள்.

சந்தோசமா! நன்றாகக் கேட்டாள் போங்கள். வேறு ஒரு லுத்தரன் சபைக்காரனாக இருந்தால், கட்டிய இந்துப் பெண் தானாகவே வாய் திறந்து இப்படிச் சொன்னதற்கு எழுந்து நின்று ஞானப்பாட்டே பாடியிருப்பான். இவனுக்கு இட்லி இறங்கவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே ஆகிவிட்டது. கொடுத்தவன் இவனேதான். சுமலதாவுக்குத் தெரியாமல், அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்த நேரத்தில் கொடுத்தான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் இவன் பட்ட பாடு புரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாய்லர் செய்யும் கம்பெனி ஒன்றில் அன்புசெல்வன் வெல்டிங் இன்ஸ்பெக்டர். அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவள் சுமலதா. திருப்பாச்சூரில் நெல் பயிரிடும் ஆதிநாராயணனின் மகள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் ரகளையாகி, கடைசியில் ரிஜிஸ்தர் கல்யாணம். சபை அவனை ஒரு வருஷம், கோயிலில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்குச் சேர்க்காமல் நிறுத்தி வைத்தது. ஆதிநாராயணன் மகளோடு பேச்சை நிறுத்தி வைத்தார். பிறகு இரண்டு பக்கமும் மனம் இளகியது என்பது வேறு.

கையெழுத்துப் போடப் போகும் முன் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே சுமலதா ஒரு வாக்கு வாங்கிக்கொண்டாள். "புள்ள பொறந்தா மொட்டையும் கெடையாது, ஞானஸ்நானமும் கெடையாது. அது பெருசாயி அதுவே பாத்துக்கட்டும். உனக்கோ எனக்கோ மனசு மாறிச்சுன்னா ரெண்டு பேரும் பேசி செய்யலாம். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு ஒண்ணும் பண்ணக் கூடாது. சரியா?"

"சரி" என்று அவள் கையில் அடித்துச் சத்தியமாகச் சொன்னான். மனதாரச் சொன்னதுதான். அன்றைக்கு அவன் பொய்யன் இல்லை.

குழந்தை ஏழாம் மாதமே பிறந்தது. சுமலதாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, அவளை ஐ.சி.யு.வில் போட்டார்கள். குழந்தையை அதே மாடியின் மறுகோடியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவன் பைத்தியம் பிடித்தவன் மாதிரி நடந்தான். ஒரு மத்தியானம் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, பாப்பா தாங்காது போலிருக்கிறது, வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

வேண்டியவர்கள் யார்? பெற்றவள் நினைவில்லாமல் கிடந்தாள். ஐயர் ஊரில் இல்லை. போதகரை அவர்கள் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள், பூணூலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நேரத்தில் அன்புசெல்வனுக்குச் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. சாவு வாசலில் நிற்கும்போது ஐயர் இல்லையென்றால், சபையில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீர் வேண்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூன்று நாமமும் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். படித்தபோது அரட்டை அடித்துக்கொண்டு படித்த பாடம்தான். அது எங்கேயோ பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

குழந்தையைத் துடைக்க வைத்திருந்த சுத்தத் தண்ணீரை உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, கண்ணாடிப் பெட்டியின் வட்ட ஓட்டைக்குள் கையை விட்டான். பாப்பாவின் தலை ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பிதா என்று ஒரு சொட்டு, குமாரன் என்று ஒரு சொட்டு. அப்போது பார்த்து மிஷின் அலறியது. நர்ஸ் ஓடி வந்து அவனை வெளியே தள்ளினாள். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா கங்கம்மாள் ஒருத்திதான்.

குழந்தை பிழைத்தது. சுமலதாவும் பிழைத்தாள். பிழைத்தது தண்ணீரால் என்று அவன் ஒரு நாளும் சொல்லிக்கொள்ளவில்லை. மருந்தும் டாக்டரும் பார்த்த வேலை அது, ஞானஸ்நானம் அதற்கல்ல. ஆனால் சுமலதாவிடம் சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? முதலில் அவள் புண் ஆறட்டும் என்று தள்ளினான். பிறகு அவள் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று தள்ளினான். குழந்தைக்குத் தேவதர்ஷினி என்று அவள் பெயர் தேர்ந்தெடுத்தபோது வாய் வரை வந்ததை விழுங்கினான். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதை இன்னும் பெரிதாக்கியது. ஞாயிறுதோறும் கோயிலில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது இவனும் சொன்னான். பொது அறிக்கையில் ஒரு சௌகரியம், எந்தப் பாவம் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது இவள் வந்து, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்கிறாள்.

இவர்கள் சபையில் அது ஒருமுறைதான். சில இடங்களில் சபை மாறும்போதெல்லாம் முழுகி எழுவார்கள். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. ஞானஸ்நானம் மனிதன் செய்கிற காரியமல்ல, கடவுள் செய்கிறது. மறுபடி செய்தால் முதல்முறை அவர் செய்தது பொய் என்றாகிவிடும். இதை அன்புசெல்வன் மூளையால் அல்ல, எலும்பால் நம்பினான். ஐயர் ஒன்றும் தெரியாமல் தண்ணீரை ஊற்ற, இவன் பக்கத்தில் நின்று ஆமென் சொல்வதா? சொல்ல வாய் வருமா? சரி, உண்மையைச் சொல்லி நிறுத்தலாம் என்றால், டீக்கடையில் அடித்துக் கொடுத்த கை என்னாவது?

அன்றைக்குக் கம்பெனியில் ஒரே ஜாயிண்டைத் திரும்பத் திரும்பச் சோதித்தான். சிவப்புச் சாயத்தைத் தடவுவான், துடைப்பான், வெள்ளைப் பொடியைத் தெளிப்பான், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தடவினான். வெல்டர் ஜெகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அண்ணே, அந்த ஜாயிண்டுல இன்னா உங்க ஜாதகமா எழுதியிருக்குது?" என்று கேட்டேவிட்டான்.

அந்த ஜாயிண்டின் முன்னால் குந்தியிருந்தபோதுதான் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. மிஷின் அலறியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் நாமத்தைச் சொன்னது ஞாபகம் இல்லை. சொல்லவில்லையோ? சொல்லவில்லை என்றால் அது ஞானஸ்நானமே இல்லை. வெறும் தண்ணீர். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நடப்பதுதான் முதல் ஞானஸ்நானம், சுமலதாவுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது! தன் வேலை ரிஜெக்ட் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட இன்ஸ்பெக்டர் அந்த சிப்காட்டிலேயே இவன் ஒருவனாகத்தான் இருப்பான். பெற்ற பிள்ளையின் ஞானஸ்நானம் சொத்தையாக இருக்கட்டும் என்று ஒரு அப்பன் வேண்டிக்கொள்கிறான், பாருங்கள் கூத்தை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சுமலதா பொன்னேரி கடைத்தெருவில் வாங்கிய வெள்ளை கவுனைத் தலையணை மேல் விரித்து வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தூளியில் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

"திடீர்னு ஏன் சுமா இந்த ஞானஸ்நானம்?" என்று மெல்ல ஆழம் பார்த்தான்.

"திடீர்னு இல்ல. உங்கிட்ட சொல்லல, அவ்ளோதான்." அவள் கவுனின் சுருக்கத்தை நீவினாள். "ஐ.சி.யு.ல லேசா நெனவு வந்தப்ப, பாப்பா பொழைக்காதுன்னு யாரோ பேசிக்கினது காதுல உழுந்துச்சு. எங்க சாமியெல்லாம் கூப்ட்டேன். அப்பறம் உன் சாமியையும் கூப்ட்டேன். எம்பொண்ண ஊட்டுக்கு அனுப்பிடு, எங்கையாலயே கொண்டாந்து உன் கோயில்ல குடுக்கறேன்னு வேண்டிக்கினேன். அவ கொஞ்சம் சதை போடட்டும்னுதான் இத்தினி நாளு உட்டேன். வேண்டுதலத் தள்ளிப்போட்டா ஆவாது அன்பு. எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

அவனுக்கு மட்டும் வருகிறதா என்ன? அவளுக்கு அது வேண்டுதல், அவனுக்கு அது இரண்டாம் தண்ணீர். ஊற்றினாலும் குற்றம், ஊற்றாவிட்டாலும் குற்றம். அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தான்.

சனிக்கிழமை விடிந்ததும், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தான். பொன்னேரி தாண்டி, வயல் தாண்டி, பழவேற்காட்டு ஏரிக்கரையில், அன்றைக்குப் பக்கத்தில் நின்று பார்த்த ஆயா கங்கம்மாளின் குப்பம். விசாரித்துக்கொண்டு போனபோது அவள் வலை காயப்போட்ட நிழலில் உட்கார்ந்து இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, கண்ணாடிப் பொட்டி பாப்பாவோட நைனா! கொழந்த சொகமா?"

"சொகம்மா. ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் பாப்பா தலையில தண்ணி வச்சேனே, ஞாபகம் இருக்குதா?"

"நீ அழுத அழுவைய மறக்க முடியுமா?"

"அப்ப நான் சாமி பேரு சொன்னேன். பாதியில நிறுத்திட்டேன் இல்ல? மிசின் கத்துச்சு, நர்சு தள்ளிட்டாங்க. நான் முழுசா சொல்லல இல்ல?" அவன் தலையே அவள் பதிலை முந்திக்கொண்டு ஆடியது.

கங்கம்மாள் இறாலைக் கூடையில் போட்டுவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "யாரு சொன்னா? நல்லாவே சொன்னே. பிதான்னே, குமாரன்னே. மிசினு கத்துச்சு. அதுக்கு மேல நீ கத்துனே, பரிசுத்த ஆவின்னு. மூணாவது சொட்டும் வச்சே. அந்தப் பொண்ணு ஓடியாந்து தள்ளறதுக்குள்ள ஆமென்னும் சொல்லி முடிச்சிட்டே."

"நல்லா நெனச்சிப் பாரும்மா."

"இன்னா நைனா, வக்கீலு மாதிரி மடக்கற? அந்த வார்டுல அழுவறவங்கள தெனம் பாக்கறேன். நெஞ்சில அடிச்சிப்பாங்க, டாக்டர திட்டுவாங்க. இப்டி சாமி பேர கத்துனவன் நீ ஒருத்தன்தான். எனக்கே ஒடம்பு சிலுத்துக்கிச்சு. இன்னொண்ணு கூட சொன்னியே, அது..."

"போதும்மா" என்று அவன் எழுந்துவிட்டான். மூன்றும் ஆகிவிட்டது. ஜாயிண்டில் ஒரு விரிசலும் இல்லை. இதற்கு மேல் எதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அவளுடைய செல் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

வழியெல்லாம் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. தன்னையே திட்டிக்கொண்டான். பொன்னேரி ரயில்வே கேட்டில் நின்றபோது ஓரத்தில் ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தான். ஏனென்றால் துக்கத்துக்கு நடுவே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதுதான் அவனை இன்னும் வதைத்தது. மகளுக்கு அவன் குறையில்லாமல் கொடுத்திருக்கிறான்.

நேரே கோயிலுக்குப் போனான். கும்மிடிப்பூண்டியில் உருக்காலைப் புகை எதையும் விட்டுவைப்பதில்லை, பலிபீடத்து வெள்ளை விரிப்பு வாரக் கடைசியில் சாம்பல் நிறமாகிவிடும். மோகன்ராஜ் ஐயர் அதை உருவிவிட்டு, சலவை செய்ததை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயரே, ஒண்ணு சொல்லணும்."

அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "பேச்சா, அறிக்கையா?"

பேச்சு என்றால் பேச்சு. அறிக்கை என்றால் கேட்டது அவரோடு போகும், பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடமாட்டார். அந்த சபையில் அபூர்வமாகத்தான் யாராவது தனி அறிக்கைக்கு வருவார்கள். "அறிக்கை" என்றான் அன்புசெல்வன். ஐயர் ஆராதனைக்குப் போடும் துணிப்பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் முழங்கால் போட்டார். இவன் எல்லாவற்றையும் கொட்டினான். டீக்கடை, கண்ணாடிப் பெட்டி, குப்பம், வேண்டுதல், எல்லாம்.

"மூணு நாமமும் சொன்னியா?"

"சொன்னேன். சாட்சி இருக்குது."

"அப்ப ஆயிடுச்சு. நான் மறுபடி தண்ணி ஊத்த மாட்டேன். பிஷப்பே வந்து சொன்னாலும் மாட்டேன்."

"சுமாவோட வேண்டுதலு, ஐயரே..."

"அதுக்கு அப்பறம் வரலாம். நீ தண்ணி வச்சதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேக்காத, அது பாவமில்ல. வாக்கு குடுத்துட்டு இத்தினி நாளு மறைச்சிகினு சுத்துனியே, அதுக்குக் கேளு."

கேட்டான். உடைந்துபோய்க் கேட்டான். ஐயர் அவன் தலையில் கையை வைத்து மன்னிப்பை அறிவித்தார். பிறகு முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வழக்கமான முரட்டுக் குரலில் சொன்னார்:

"ஆண்டவரு மன்னிச்சிட்டாரு, அதுல சந்தேகமே வேணாம். உம் பொண்டாட்டி மன்னிப்பாளான்னு எனக்குத் தெரியாது, அந்த அதிகாரம் எனக்குக் குடுக்கல. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவகிட்ட சொல்லிடு. சொன்னீன்னா, நாளைக்கு சபை முன்னால உன்னையும் சாட்சியையும் நிக்க வச்சு கேப்பேன். யாரு குடுத்தது, எதால, எந்த வார்த்தையால. அப்பறம் கொழந்த மேல கை வச்சு சபையில ஏத்துப்பேன். அவசரத்துல குடுத்த ஞானஸ்நானத்துக்கு அதான் முறை. சொல்லலன்னா நாளைக்கு ஒண்ணும் கெடையாது."

இதைவிட அவர் நாலு அறை விட்டிருக்கலாம். கங்கம்மாளுக்கு வாசலிலேயே நின்று போன் போட்டான். வருகிறேன் என்றாள்.

வீட்டில் சுமலதா நாளைய விருந்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து வந்தவன், சொல்லியும் விட்டான். துருவும் சத்தம் நின்றது. அவள் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நா அங்க சாவக் கெடந்தேன்" என்றாள்.

"உன்னைக் கேக்க முடியல சுமா. நெனவே இல்ல உனக்கு. டாக்டரு..."

"அன்னிக்கு பண்ணதுக்கு உன்னை ஒரு வார்த்த கேக்க மாட்டேன். உன் எடத்துல நான் இருந்தா, நானும் துன்னூறு வச்சிருப்பேன். அதுக்கு அப்பறம்? நா கண்ணு முழிச்சி, எழுந்து நடந்து, உனக்கு சோறு ஆக்கிப் போட்டு, இத்தினி மாசமா நா இன்னா பொணமாவா இருந்தேன்?"

அவன் தரையில் சிதறிய தேங்காய்ப்பூவைப் பொறுக்கினான்.

"ஊரைக் கூட்டி, கவுன் வாங்கி, கூத்தாடிக்கினு கெடக்கறேன். கம்முனு பாத்துகினு இருந்தியே!" அவள் தேங்காய்த் தட்டைத் தள்ளிவிட்டாள். "நா குடுக்கலாம்னு வந்தேன் அன்பு. நீ எனக்கு முன்னாலயே எடுத்துக்கினே. இப்ப எங்கையில குடுக்கறதுக்கு இன்னா இருக்குது, சொல்லு?"

குழந்தையைத் தூளியிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பாதி துருவிய தேங்காயை அவனே எடுத்துத் துருவி முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேன் வந்து நின்றது. ஆதிநாராயணன் ஒரு மூட்டை புது அரிசியோடு இறங்கினார். "இன்னாம்மா, முகம் வீங்கிகினு இருக்குது?" என்று மகளைக் கேட்டார். "தூக்கம் இல்ல நைனா" என்றாள். குழந்தைக்கு வெள்ளை கவுன் போட்டிருந்தாள். அன்புசெல்வனுக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் கோயிலில் அவள் அவனோடு முன்னால் வரவில்லை. அப்பாவோடும் உறவோடும் கடைசி பெஞ்சில், குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கங்கம்மாள் தலை நிறைய பூவோடு வந்து அவள் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

பாவ அறிக்கை, பாட்டு, பிரசங்கம் எல்லாம் அதனதன் முறையில் நடந்தன. அன்புசெல்வன் காதில் எதுவும் விழவில்லை. ஐயர் அவன் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து தனியாக முன்னால் போனான். கையில் குழந்தை இல்லாமல் வெறுங்கையோடு நின்றவனைப் பார்த்து சபை முணுமுணுத்தது.

"இந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?" ஐயர் கோயில் தமிழுக்கு மாறியிருந்தார்.

"நான்தான்."

"எதனால்?"

"தண்ணீரால்."

"எந்த வார்த்தைகளால்?"

மூன்று நாமத்தையும் சொன்னான்.

"சாட்சி யார்?"

கங்கம்மாள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். "நான்தான் சாமி. பாப்பா வார்டு ஆயா."

"இவர் சொன்னது உண்மையா அம்மா?"

"உண்மதான் சாமி. ஆனா ஒண்ண உட்டுட்டாரு."

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "எதை விட்டார்?" என்றார் ஐயர்.

"நேத்தே சொல்ல வந்தேன், கேக்காம ஓடிட்டாரு. தண்ணி வைக்கறதுக்கு முன்னால பாப்பாவ பேரு சொல்லிக் கூப்ட்டாரு சாமி. அப்ப அதுக்கு ஏது பேரு? காலுல ஒரு பட்டி கட்டியிருந்துச்சு, அதத் தொட்டுத் தொட்டுப் படிச்சாரு. 'சுமலதாவின் குழந்தையே, சுமலதாவின் குழந்தையே'ன்னு கூப்ட்டு, அதுக்கு அப்பறம்தான் தண்ணி வச்சாரு."

அப்போதுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது. பாப்பாவின் காலில் சுற்றிய நீலப் பட்டி, அதில் பேனாவால் எழுதிய அந்தப் பெயர். மறுகோடியில் நினைவில்லாமல் கிடந்தவளைத்தான் அவன் அப்போது கூப்பிட்டான். திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தான். சுமலதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் முகம் தெரியவில்லை.

ஐயர் தொண்டையைச் செருமினார். "பெயர் இல்லாவிட்டாலும் ஞானஸ்நானம் செல்லும், அதில் குறையில்லை. ஆனால் சபைக்குக் குழந்தையின் பெயர் வேண்டும். குழந்தையைக் கொண்டுவந்து பெயர் சொல்வது யார்?"

வழக்கப்படி சொல்ல வேண்டியவன் தகப்பன். அன்புசெல்வனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதையும் தானே செய்து, தானே சரிபார்த்து, தானே முடித்தால்தான் அவனுக்கு நிம்மதி. வாயைத் திறந்தவன், மூடிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் செய்த கஷ்டமான காரியம் அதுதான் என்பேன். வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஐயரும் அவசரப்படவில்லை. அவன் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பிறகு கொலுசுச் சத்தம் கேட்டது. சுமலதா நடுப்பாதையில் நடந்து வந்தாள். அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐயருக்கு நேரே போய் நின்று, இரண்டு கையாலும் குழந்தையை நீட்டினாள்.

"எங்கையால குடுக்கறேன்" என்றாள். "பேரு தேவதர்ஷினி."

ஐயர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அந்தப் பெயரைச் சபைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லி, அதன் தலையில் கையை வைத்து ஜெபிக்கத் தொடங்கினார். கடைசி பெஞ்சில் ஆதிநாராயணனுக்குப் பொறுக்கவில்லை. ஊற்றுவார்கள் ஊற்றுவார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், "தண்ணி எங்கம்மா?" என்று கோயிலே கேட்கும்படி கேட்டுவிட்டார்.

சுமலதா திரும்பினாள். "தண்ணி அப்பவே ஊத்தியாச்சு நைனா" என்றாள். "நாங்க ஊத்திட்டோம்."

நாங்க! அன்புசெல்வன் பலிபீடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் நகர்ந்து வந்து அவன் பக்கத்தில், தோள் உரச நின்றாள். பார்வை ஐயர் மேலேயே இருந்தது. உதடு அசையாமல் அவனுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்:

"ஊட்டுக்கு வா. இருக்குது உனக்கு."

ஐயர் ஜெபத்தை முடித்தார். சபை மொத்தமும் ஆமென் என்றது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் அன்புசெல்வன்தான்.